நடமாடும் உணவக வண்டி: முன் அச்சு, பின் அச்சு எடைப் பங்கைப் பாடி கட்டும் முன்பே கண்டறிவது எப்படி?

சாலையோரச் சமையல்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தங்கையும் சேர்ந்து கோவையில் ஒரு நடமாடும் உணவகம் தொடங்க இருக்கிறோம். அதற்காக இரண்டு அச்சுகள் கொண்ட பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, பின்தொட்டியைக் கழற்றிவிட்டு, அதன் மேல் மூடிய பெட்டி கட்டுவதற்கு ஒரு பட்டறையில் பேசி வைத்திருக்கிறோம். பட்டறைக்காரர் வரைந்து கொடுத்த அமைப்பில் தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர்கள் ஆகிய மூன்றும் வண்டியின் பின்முனையில் வருகின்றன. குழாய் இழுப்பதற்கும் சிலிண்டர் மாற்றுவதற்கும் அதுதான் வசதி என்கிறார்.

ஆர்சி புத்தகத்தில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) மொத்த எடை 2,700 கிலோ என்று இருக்கிறது. வண்டியின் எடையோடு, ஏற்றப்போகும் பொருள்கள் அனைத்தையும் ஆட்களையும் சேர்த்துக் கூட்டினால் 2,570 கிலோதான் வருகிறது. ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை என்பது அவருடைய வாதம். ஆனால் அதே புத்தகத்தில் முன் அச்சுக்கு 1,200 கிலோ, பின் அச்சுக்கு 1,700 கிலோ என்று தனித்தனியாகவும் எழுதியிருக்கிறது. இவ்விரண்டையும் கூட்டினால் 2,900 வருகிறதே, இதை எப்படிப் புரிந்துகொள்வது? ஒவ்வொரு அச்சின் மீதும் எவ்வளவு எடை விழும் என்பதை வெல்டிங் வைப்பதற்கு முன்பே அறிய வழி இருக்கிறதா?

சங்ககிரி லாரி:

தம்பி, கேட்க வேண்டிய கேள்வியை வேலை தொடங்கும் முன்பே கேட்டிருக்கிறீர்கள். மொத்த எடை ஒரு வரம்பு, முன் அச்சு ஒரு வரம்பு, பின் அச்சு ஒரு வரம்பு. இந்த மூன்றில் எதையும் தாண்டக் கூடாது. அச்சு எடைகளின் கூட்டுத்தொகை மொத்த எடையைவிடக் கூடுதலாக இருப்பது பல வண்டிகளில் உள்ளதுதான். சரக்கு எப்போதும் ஒரே இடத்தில் அமர்வதில்லை என்பதால், இரு அச்சுகளுக்கும் சிறிது இடம் விட்டு உற்பத்தியாளர்கள் அப்படி நிர்ணயிக்கிறார்கள். அதை 2,900 கிலோ ஏற்றுவதற்கான அனுமதி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு, போக்குவரத்து வாகனங்களின் பதிவுச் சான்றிதழில் மொத்த எடையோடு ஒவ்வொரு அச்சின் எடையையும் பதிவு செய்யச் சொல்கிறது. 2018-இல் மத்திய அரசு கனரக வண்டிகளின் எடை வரம்புகளை உயர்த்தியபோதும் அச்சு வாரியாகத்தான் உயர்த்தியது: இரண்டு டயர் கொண்ட முன் அச்சுக்கு 6 டன்னிலிருந்து 7 டன், நான்கு டயர் கொண்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். சாலை தாங்குவதும் பாலம் தாங்குவதும் அச்சின் எடையைப் பொறுத்தவை என்பதால் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் செய்ய வேண்டியது இதுதான். பின்தொட்டியைக் கழற்றிய நிலையில், டீசல் நிரப்பி, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, வண்டியை ஓர் எடைமேடைக்குக் கொண்டு செல்லுங்கள். முன்சக்கரங்கள் மட்டும் மேடையில் ஏறியதும் நிறுத்தி ஒரு சீட்டு வாங்குங்கள். முழு வண்டியையும் ஏற்றி ஒரு சீட்டு. முன்சக்கரங்கள் இறங்கிப் பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்போது ஒரு சீட்டு. எடை பார்க்கும்போது ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

எடைமேடை 24:

நாமக்கல் பக்கம் எடைமேடை நடத்துபவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். ஓட்டுநர் இறங்குவதற்கு முன் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுவார். அச்சு வாரியாக எடை பார்க்கும்போது அது கூடாது. பிரேக் பிடித்தபடி நிற்கும் வண்டியில் பட்டைகளும் (அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் தகடுகள்) சக்கரங்களும் முறுக்கிக்கொண்டு, ஓர் அச்சின் எடையில் ஒரு பகுதியை மற்றொன்றின் மீது தள்ளிவிடும். நியூட்ரலில் வைத்து, மேடைக்கு வெளியே இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, பிரேக்கை முழுவதும் விடுவித்துப் பாருங்கள்.

அடுத்தது மேடையின் அமைப்பு. குழி தோண்டித் தரைமட்டத்தில் அமைத்த மேடை என்றால் கவலையில்லை. தரைக்கு மேலே தூக்கி அமைத்து, இரு பக்கமும் சரிவுப் பாதை போட்ட மேடையில் முழு வண்டியின் எடை சரியாக வரும். ஆனால் ஒரே அச்சை மட்டும் ஏற்றும்போது மற்ற அச்சு சரிவில் தாழ்ந்து நிற்பதால் கணக்குப் பிசகும். எண் எத்தனை கிலோ படியில் மாறுகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய லாரிகளுக்கான மேடையில் அது பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோவாக இருக்கும். உங்கள் அளவு வண்டிக்கு 10 கிலோ என்பது கண்ணை மூடிக்கொள்ளக் கூடிய வித்தியாசம் அல்ல.

நெம்புகோல்:

மேலே உள்ளவர் சொன்ன சரிவுச் சிக்கலை எண்ணில் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. 2,500 கிலோ எடையும் 2,500 மி.மீ. வீல்பேஸும் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) உள்ள ஒரு வண்டியின் ஈர்ப்பு மையம் சக்கரங்களின் மையத்திலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட 300 மி.மீ. உயரத்தில் நின்றால், முன் அச்சின் எடை ஏறத்தாழ 84 கிலோ குறைவாகத் தெரியும். பின்சக்கரங்கள் மேடையிலும் முன்சக்கரங்கள் சரிவிலும் நிற்கும்போது அதே அளவு பின் அச்சில் குறையும். ஆகவே தனித்தனியாகப் பார்த்த இரண்டு எடைகளையும் கூட்டினால் முழு எடையைவிட 168 கிலோ குறைந்திருக்கும்.

மூன்று சீட்டுகள் தேவை என்று சங்ககிரி ஐயா சொன்னதன் அருமை இங்கேதான் தெரியும். முன் எடையும் பின் எடையும் சேர்ந்து முழு எடையைத் தரவில்லை என்றால், எங்கோ பிழை இருப்பதை அந்தச் சீட்டுகளே சொல்லிவிடும். இரு பக்கச் சரிவும் ஒரே அளவில் இருந்தால் பிழையை நீக்கவும் வழி உண்டு. முழு எடையிலிருந்து பின் எடையைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணையும் நேரடியாகப் பார்த்த முன் எடையையும் கூட்டி இரண்டால் வகுங்கள். ஒன்றில் 84 குறைவாகவும் மற்றொன்றில் 84 கூடுதலாகவும் இருப்பதால் அவை ஒன்றையொன்று அழித்துவிட்டு, சமதளத்தில் நின்றால் கிடைக்கும் முன் அச்சின் எடை வெளிப்படும்.

சாலையோரச் சமையல், எடை பார்த்துவிட்டு வரும்போது வீல்பேஸையும் ஒவ்வொரு பொருளின் எடையையும், அதன் நடுப்புள்ளி பின் அச்சுக்கு எவ்வளவு தூரம் முன்னே அல்லது பின்னே வரும் என்பதையும் எழுதுங்கள். டேப்பை வைத்துத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தாலே போதும்.

சாலையோரச் சமையல்:

தரைமட்ட மேடையில், ஓட்டுநர் இல்லாமல், பிரேக்கை விடுவித்து எடை பார்த்தோம். முன் அச்சு 780, பின் அச்சு 520, முழு வண்டி 1,300 கிலோ. வீல்பேஸ் 2,500 மி.மீ.

பட்டறைக்காரரின் வரைபடத்தின்படி: பெட்டி 300 கிலோ, அதன் நடுப்புள்ளி பின் அச்சுக்கு 250 மி.மீ. முன்னே. கேபினில் இரண்டு பேர், 140 கிலோ, 2,000 மி.மீ. முன்னே. ஃப்ரீஸர் 90 கிலோ, 900 மி.மீ. முன்னே. கிரைண்டரும் அலமாரிகளும் 110 கிலோ, 500 மி.மீ. முன்னே. அடுப்பு மேடை 150 கிலோ, 300 மி.மீ. பின்னே. சிலிண்டர்கள் 70 கிலோ, 700 மி.மீ. பின்னே. 300 லிட்டர் தண்ணீரும் தொட்டியும் சேர்த்து 330 கிலோ, 650 மி.மீ. பின்னே. ஜெனரேட்டர் 80 கிலோ, கதவுக்கு வெளியே தொங்கும் சட்டத்தில், 1,100 மி.மீ. பின்னே.

அடுப்பு மேடைக்கு 150 கிலோ அதிகம் என்று பலரும் சொன்னார்கள். ஆனால் 900-க்கு 600 மி.மீ. அளவில் 12 மி.மீ. தடிமனுள்ள தோசைக்கல் மட்டுமே 51 கிலோ வருகிறது. இரும்பின் அடர்த்தியை வைத்துக் கணக்கிட்டு, பிறகு கடைத் தராசிலும் நிறுத்திப் பார்த்துவிட்டோம்.

நெம்புகோல்:

இவ்வளவு தெளிவாக அளந்து எழுதியதற்கு நன்றி. இனிக் கணக்கு எளிது.

இரண்டு பேர் ஒரு கம்பின் இரு முனைகளைத் தோளில் வைத்து ஒரு மூட்டையைத் தூக்கிச் செல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டை யாருக்கு அருகில் இருக்கிறதோ அவருக்குத்தான் சுமை அதிகம். பின்னால் இருப்பவரையும் தாண்டிக் கம்பின் வால் பகுதியில் மூட்டையைத் தொங்கவிட்டால், அவர் மூட்டையின் எடைக்கு மேல் சுமப்பார். முன்னால் இருப்பவரின் தோளிலிருந்து கம்பு மேலே எழும்பும். பள்ளியில் படித்த திருப்புத்திறன் இதுதான். ஒரு பொருளின் எடையை, அது பின் அச்சுக்கு முன்னே இருக்கும் தூரத்தால் பெருக்கி, வீல்பேஸால் வகுத்தால் முன் அச்சுக்குப் போகும் பங்கு கிடைக்கும். மீதி பின் அச்சுக்கு. பொருள் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தால் தூரத்தைக் கழித்தல் குறியோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். 330-ஐ 650-ஆல் பெருக்கி 2,500-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 86. முன் அச்சிலிருந்து 86 கிலோ கழிகிறது. பின் அச்சில் 416 கிலோ ஏறுகிறது. 80 கிலோ ஜெனரேட்டர் முன் அச்சை 35 கிலோ தூக்கிவிட்டுப் பின் அச்சின் மீது 115 கிலோவாக அமர்கிறது. இப்படியே எல்லாவற்றையும் கூட்டினால் முன் அச்சில் 818 கிலோ, பின் அச்சில் 1,752 கிலோ. மொத்தம் 2,570 என்பது வரம்புக்குள்தான் இருக்கிறது. பின் அச்சோ 52 கிலோ தாண்டிவிட்டது. 1,270 கிலோ ஏற்றிய பிறகும் முன் அச்சில் கூடியது 38 கிலோ மட்டுமே. காலி வண்டியில் 60 விழுக்காடாக இருந்த முன் பங்கு 32 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. மழையில் நனைந்த சாலையில், வளைவில், இந்த வண்டியின் ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நான் நம்பமாட்டேன்.

பட்டைப் பட்டறை:

நான் முப்பது வருடமாகப் பட்டை வேலை செய்பவன். 52 கிலோவுக்காக ஏன் இவ்வளவு கணக்கு? பின்பக்கம் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டுவிட்டால் வண்டி உட்காராது. எங்களிடம் வரும் பிக்கப்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் ஓடுகின்றன.

சங்ககிரி லாரி:

அண்ணா, உங்கள் தொழில் அனுபவத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதில் உடன்பட முடியாது. பட்டை போட்டால் வண்டி உட்காராது என்பது உண்மைதான். அந்த எடை எங்கும் போய்விடுவதில்லையே. அதே 1,752 கிலோ அச்சுக்கூடு, பேரிங், ஹப், ரிம், டயர் ஆகியவற்றின் மீதுதான் விழுகிறது. பட்டை தடித்துவிட்டதால் பேரிங்கின் தாங்கும் திறன் கூடிவிடாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள 1,700-ஐ யாரும் 1,800 என்று மாற்றிக் கொடுக்கவும் மாட்டார்கள்.

மற்றொன்றையும் யோசியுங்கள். பல பிக்கப்களில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வால்வு இருக்கிறது. அது சேஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) அச்சுக்கும் இடையே உள்ள உயரத்தைப் பார்த்துத்தான் வண்டியில் பாரம் இருக்கிறதா இல்லையா என்று அறிகிறது. கூடுதல் பட்டையால் உயரம் குறையவில்லை என்றால், பாரம் இருக்கும்போதும் வண்டி காலி என்று அந்த வால்வு எடுத்துக்கொண்டு, பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். பாரம் முழுவதும் பின்னால், பிரேக் முழுவதும் முன்னால் என்ற நிலை யாருக்கும் வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ. பின்னால் 100 குறியீட்டு டயர்கள் இரண்டு இருந்தால் 1,600-க்கு மேல் அந்த டயர்களே தாங்கா. அப்போது 1,700 என்ற பேச்சுக்கே இடமில்லை.

மாருதிப் பிரியன்:

ஒரு சந்தேகம். முன்னும் பின்னும் 50-க்கு 50 என்று இருந்தால்தான் வண்டி நன்றாக ஓடும் என்று கார் இதழ்களில் படித்திருக்கிறேன். பிஎம்டபிள்யூ நிறுவனமும் அதைப் பெருமையாகச் சொல்கிறது. இந்த வண்டிக்கும் அதுதான் இலக்கா?

நெம்புகோல்:

இல்லை. எது சரி என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் முன் பங்கு 60 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். எஞ்சினைப் பின் அச்சுக்கும் பின்னால் வைத்திருக்கும் போர்ஷே 911-இல் பின் பங்கு 60-ஐச் சுற்றி வரும். 2009-இல் வந்த டாடா நானோவின் எஞ்சினும் பின்னால்தான். அதன் முன்டயர் 135 மி.மீ. அகலமும் பின்டயர் 155 மி.மீ. அகலமும் கொண்டிருந்தது. எடை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப டயர், பட்டை, பிரேக் எல்லாவற்றையும் அமைத்துவிடுகிறார்கள். சரக்கு வண்டியின் பின் அச்சு அதிகச் சுமைக்காகவே செய்யப்படுவது. பாரம் ஏறியதும் பின் பங்கு 60 விழுக்காடு அளவில் இருப்பது இயல்பு. நமக்கு வேண்டியது இரு அச்சுகளும் தத்தம் வரம்புக்குள் இருப்பதும், முன் அச்சு லேசாகிவிடாமல் இருப்பதும்தான்.

இனி மாற்று அமைப்பு. தொட்டியைக் கேபினுக்கு ஒட்டினாற்போல், பின் அச்சுக்கு 1,100 மி.மீ. முன்னே கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் இருந்த ஃப்ரீஸர் பின்னால் போகட்டும், அச்சுக்கு 500 மி.மீ. பின்னே. ஜெனரேட்டரைத் தொங்கவிடாமல் இரு அச்சுகளுக்கும் இடையே, தளத்துக்குக் கீழே பக்கவாட்டுப் பெட்டியில், 600 மி.மீ. முன்னே வையுங்கள். மற்றவை அவ்வாறே இருக்கலாம். முன் அச்சு 1,053, பின் அச்சு 1,517 என்று வருகிறது. ஒரு கிலோகூடக் குறைக்காமல், இடத்தை மட்டும் மாற்றியதில் பின் அச்சுக்கு 183 கிலோ இடம் கிடைத்துவிட்டது.

எனக்கு இதைவிடவும் முக்கியமாகப் படுவது தண்ணீர் தீரும்போது நடப்பது. பழைய அமைப்பில் 300 லிட்டரும் தீர்ந்தால் முன் பங்கு 32-இலிருந்து ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குத் தாவும். காலையில் ஓட்டிய வண்டியும் இரவில் ஓட்டும் வண்டியும் வேறு வேறாக இருக்கும். புதிய அமைப்பில் தொட்டி நிறைந்திருந்தாலும் காலியானாலும் முன் பங்கு 41 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் தொட்டி வந்துவிட்டதால்தான் இப்படி. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கச் சொல்லுங்கள்; பாதி நிறைந்த தொட்டியில் தண்ணீர் பக்கவாட்டில் அலைவது மிகவும் கெடுதல்.

எடைமேடை 24:

ஒரு வேண்டுகோள். பெட்டி கட்டி முடித்த பிறகு, வர்ணம் அடிப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை எடை பாருங்கள். பட்டறையில் சொன்ன எடைக்குள் பெட்டி அடங்குவது அரிது. அமைப்பு மாறிய வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி ஆர்சி-யில் ஏற்றுவதற்கும், எஃப்சி (தகுதிச் சான்று) எடுப்பதற்கும் இந்தச் சீட்டுகள் உங்களுக்குத் துணையாக இருக்கும். சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே அனுமதியை வாங்கிக்கொண்டே வேலையைத் தொடருங்கள். அதிக எடையோடு பிடிபட்டால் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். உங்கள் லாபம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

சாலையோரச் சமையல்:

அனைவருக்கும் நன்றி. பட்டறைக்காரர் முதலில் தயங்கினார். பின் அச்சு 1,752 என்ற கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் அவரே தொட்டியின் சட்டத்தைக் கேபினுக்குப் பின்னால் மாற்றி வரைந்து கொடுத்தார். ஆர்டிஓ அலுவலக அனுமதிக்குப் பிறகு வேலை முடிந்து, தொட்டியை நிரப்பி, எல்லாப் பொருள்களையும் ஏற்றி இன்று எடை பார்த்தோம். இந்த முறை என் தங்கை மட்டும் கேபினில் இருந்தாள். 70 கிலோ என்று கொள்ளலாம். முன் அச்சு 1,000, பின் அச்சு 1,540, முழு எடை 2,540. கணக்கின்படி ஒரே ஆள் இருந்தால் மொத்தம் 2,500 வந்திருக்க வேண்டும். 40 கிலோ எங்கிருந்து வந்தது?

இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றியும் பார்த்தோம்: இடம் 1,310, வலம் 1,230. விற்பனைச் சன்னலும் அடுப்பு மேடையும் ஃப்ரீஸரும் இடப்பக்கம் இருக்கின்றன.

நெம்புகோல்:

கூடிய 40 கிலோ எங்கே இருக்கிறது என்பதை உங்கள் சீட்டுகளே காட்டுகின்றன. ஓர் ஆள் மட்டும் இருக்கும்போது கணக்கின்படி முன் அச்சில் 997, பின் அச்சில் 1,503 வர வேண்டும். முன்னால் 3 கிலோவும் பின்னால் 37 கிலோவும் கூடியிருக்கின்றன. மூன்றை வீல்பேஸால் பெருக்கி நாற்பதால் வகுத்தால், அந்த எடை பின் அச்சுக்கு ஏறத்தாழ 190 மி.மீ. முன்னே அமர்ந்திருக்கிறது. பெட்டியின் நடுப்புள்ளி 250 மி.மீ. என்று நீங்கள் அளந்திருந்தீர்கள். எடைமேடை 10 கிலோ படியில் காட்டும்போது இதைவிடத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது. பெட்டிதான் 300-க்குப் பதில் 340 கிலோ ஆகியிருக்கிறது என்று கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டு பேர் அமர்ந்தால் முன் அச்சு 1,056, பின் அச்சு 1,554, மொத்தம் 2,610. மூன்று வரம்புகளுக்குள்ளும் வண்டி இருக்கிறது.

இட வல வித்தியாசத்தையும் சரிசெய்துவிடலாம். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1,400 மி.மீ. இருப்பதாகக் கொண்டால், 90 கிலோ ஃப்ரீஸரை 600 மி.மீ. வலப்பக்கம் நகர்த்தும்போது ஏறத்தாழ 39 கிலோ இடமிருந்து வலம் போகும். இரு பக்கமும் 1,270-ஐ ஒட்டி நிற்கும். குறுக்கே மட்டும் நகர்த்துவதால் முன் பின் பங்கு மாறாது. நகர்த்திய பிறகு ஃப்ரீஸரின் கால்களைத் தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள்.

சாலையோரச் சமையல்:

நகர்த்த இடம் இருக்கிறது, ஐயா. வலப்பக்கச் சுவரில் மின்இணைப்பு இல்லாததால் ஒயர் மட்டும் இழுக்க வேண்டும். நாளை காலை எலக்ட்ரீசியன் வருகிறார். அவர் வேலை முடிந்ததும் எடை பார்த்துவிட்டு எஃப்சி-க்குக் கொண்டு செல்கிறோம்.